மொட்டைமாடி விறகு அடுப்பும் அதன் குழாய்க்குள் படியும் தாரும்

சென்னையில் யார் இன்னும் விறகு எரிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பத்தூர், ஆவடி, தாம்பரம் பக்கம் நாலு தெரு நடந்து பார்க்கலாம். வீட்டிலிருந்தே சாப்பாடு செய்து கொடுப்பவர்கள், ஆர்டருக்குப் பிரியாணி போடுபவர்கள், தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்பவர்கள், குளிக்க வெந்நீருக்குச் செம்பு பாய்லரை விட மனசில்லாத பெரியவர்கள் என்று ஆள் இருக்கத்தான் செய்கிறார்கள். பின்கட்டிலோ மொட்டைமாடி ஷெட்டிலோ ஒரு செங்கல் அடுப்பு, இல்லையென்றால் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த இரும்பு அடுப்பு, அதிலிருந்து மேலே போகும் நாலு அங்குலக் குழாய். அடுப்பைத் தினமும் துடைத்து வைப்பவர்கள்கூட அந்தக் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே படிந்திருப்பதோ எரியக்கூடிய சரக்கு.

அது எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் சுத்தம் செய்வதில் அர்த்தம் இருக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டை சூடேறும்போது நீராவியோடு சேர்ந்து பிசுபிசுப்பான வாயுக்களும் கிளம்பும். தீ நன்றாகப் பிடித்திருந்தால் அந்த வாயுக்களும் எரிந்துவிடும். தீ மந்தமாக இருந்தால் எரியாமலே குழாயில் ஏறி, உள்சுவர் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் இடத்தில் குளிர்ந்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். இதுதான் கிரியோசோட், புகைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விரலால் துடைத்தால் வரும் கரிப்பொடியாக இருக்கும். அப்புறம் மொறுமொறுவென்று செதில் செதிலாக, பளபளப்போடு சேரும். அதையும் கவனிக்காமல் விட்டால் கண்ணாடி பூசியதுபோல வழவழவென்று கெட்டிப்பட்டுவிடும், அதில் பிரஷ் வழுக்கும். சுமார் 230 டிகிரியில் இந்தத் தார் பற்றிக்கொள்ளும். ஒருமுறை பற்றினால் குழாய்க்குள் சூடு 1000 டிகிரியைத் தாண்டிவிடும். மேலே இருப்பது தகர ஷெட்டும் சவுக்குக் கம்பும் கீற்றும் என்றால் மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது சுத்தம் செய்ய வேண்டும்

குழாயின் ஒரு மூட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கழற்ற முடியாவிட்டால் போனில் ஃபிளாஷ் போட்டு அடுப்பு வாய் வழியாக மேல்நோக்கி ஒரு வீடியோ எடுத்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். சாவியால் சுரண்டி, படிந்திருக்கும் கனத்தை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் வந்துவிட்டால் அடுத்த முறை பற்றவைப்பதற்கு முன் சுத்தம் செய்தாக வேண்டும். கண்ணாடிபோல் கெட்டித் தார் இருந்தால் கனம் பார்க்கவே வேண்டாம், அடுப்பை நிறுத்துங்கள். தீ பற்றுவது மட்டும் அல்ல பிரச்சினை. 100 மில்லிமீட்டர் குழாயில் சுற்றிலும் 6 மில்லிமீட்டர் படிந்தால் புகை போகும் பாதையில் கிட்டத்தட்ட 22 சதவீதம் காலி. இழுவை குறையும், புகை திரும்ப அறைக்குள் வரும், கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அடுப்பு வேலை செய்யும்போதெல்லாம் தலைவலி, கிறுகிறுப்பு வருகிறது என்று யாராவது சொன்னால் வெயில் என்று ஒதுக்கிவிடாமல் முதலில் குழாயைப் பாருங்கள்.

வெளியே தெரியும் அறிகுறிகளும் உண்டு. மூட்டுகளிலிருந்து சுவரில் பழுப்பாக ஒழுகிய கோடு, பழைய ரயில்வே மரக்கட்டைகளில் வருமே அந்த தார் வாசனை, முன்பு சட்டென்று பிடித்த தீ இப்போது ஊதி ஊதிக் கண் எரிந்த பிறகே பிடிப்பது, இவை மூன்றும் இருந்தால் உள்ளே நிறையச் சேர்ந்துவிட்டது.

குளிர்நாடுகளில் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஆள் வைத்துச் சோதிக்கச் சொல்வார்கள். அங்கே குளிர்காலத்தில்தான் எரிப்பார்கள். இங்கே தொழிலுக்காகத் தினமும் எரிப்பவர்கள் மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. எப்போதாவது எரிப்பவர்களுக்கு இரண்டு தடவை போதும்: வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் செப்டம்பரில் ஒன்று, மழை விட்ட பிறகு பொங்கலை ஒட்டி இன்னொன்று. முதலாவதைத் தவறவிடாதீர்கள். தீபாவளிப் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டியை ஏற்றி மணிக்கணக்காகத் தீ போடப்போகிறீர்கள். கொதிக்கிற எண்ணெயை வைத்துக்கொண்டு குழாயில் தீப்பிடிப்பதைவிட மோசமான நேரம் கிடையாது.

குழாய் எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய வீடுகளிலும், 1980களில் பரவிய புகையில்லா அடுப்புகளிலும் சாம்பல் நிறத்தில் சிமென்ட் குழாய் வைத்திருப்பார்கள். அது பெரும்பாலும் அஸ்பெஸ்டாஸ் சிமென்ட். அதற்குள் கம்பி பிரஷை விட்டுத் தேய்க்கவே கூடாது. உடைக்கவோ அறுக்கவோ துளை போடவோ கூடாது. அதன் நார்த்தூசு நுரையீரலில் தங்கினால் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துக்கூட நோயாக வரும், புற்றுநோய் உட்பட. அப்படிப்பட்ட குழாய் என்றால் சுத்தம் செய்யும் யோசனையை விட்டுவிட்டு மாற்றிவிடுங்கள். நனைத்து ஈரமாக்கி, உடையாமல் முழுசாக இறக்கி, கனமான பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி ஒட்டிவிட வேண்டும். பழக்கமுள்ள ஆள் செய்தால் நல்லது. மேல் பாதிக்கு பி.வி.சி. குழாய் சொருகி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, இன்றைக்கே கழற்றுங்கள்.

இனி சொல்வதெல்லாம் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு), கறுப்பு இரும்பு, எவர்சில்வர் குழாய்களுக்கு.

என்னென்ன வேண்டும்

குழாயின் உள்விட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், நாலு அங்குலம் என்று வாயால் சொல்லி வாங்கி வந்தால் ஒன்று உள்ளே போகாது அல்லது லொடலொடவென்று ஆடும். பாரிமுனைப் பக்கம் பெரிய ஹார்டுவேர் கடைகளில் பாய்லர் டியூப் பிரஷ் என்று கேளுங்கள், வட்டமான பிரஷ், பின்னால் ராடு மாட்ட மரை இருக்கும். உள்விட்டத்துக்குச் சமமாகவோ ஒரு கால் அங்குலம் கூடுதலாகவோ இருக்கலாம். கறுப்பு இரும்புக் குழாய்க்குக் கம்பி பிரஷ் சரி. எவர்சில்வருக்கும் ஜி.ஐ.க்கும் கெட்டி நைலான் பிரஷ் வாங்குங்கள், கம்பி போட்டால் ஜி.ஐ.யின் துத்தநாகப் பூச்சு உரிந்து சீக்கிரம் துருப்பிடிக்கும். பிரஷ் கிடைக்கவில்லை என்றால் பழைய முறை ஒன்று இருக்கிறது: நீளமான நைலான் கயிற்றின் நடுவில் தேங்காய் நாரையும் சாக்கையும் சேர்த்து குழாய் அளவுக்கு இறுக்கமாக உருண்டை கட்டி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று மாறி மாறி இழுப்பது. பொடிக்கரிக்கு இது நன்றாகவே வேலை செய்யும், செதில் தாருக்குப் பாதிதான்.

மற்றபடி ரப்பர் கையுறை, கண்ணாடி, பழைய முழுக்கைச் சட்டை, என்-95 முகக்கவசம். மூக்கைச் சுற்றித் துண்டு கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். லண்டனில் புகைபோக்கி துடைத்த சிறுவர்களுக்கு வளர்ந்த பிறகு வந்த புற்றுநோய்க்கு இந்தக் கரிதான் காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் 1775-லேயே எழுதிவிட்டார். தொழிலால் வரும் புற்றுநோய் என்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது அதுதான். குழந்தைகளை அந்த நேரத்தில் மாடிக்கு ஏற விடாதீர்கள், காயப்போட்ட துணியையும் வடகத்தையும் முதலிலேயே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் உங்களுக்குத்தான் கச்சேரி.

சுத்தம் செய்வது

முந்தைய நாள் மாலையோடு அடுப்பை நிறுத்திவிடுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே, கடற்காற்று கிளம்பாத நேரத்தில் வேலையை முடித்தால் கரி அக்கம்பக்கத்து மாடிக்குப் பறக்காது. மாடியில் நின்று ராடைத் தூக்குவதற்கு முன் சுற்றிலும் ஒருமுறை பாருங்கள்: மாடியை ஒட்டி ஈ.பி. ஒயர் போகும் தெருக்கள் நம் ஊரில் ஏராளம், இரும்பு ராடோ ஈரமூங்கிலோ அதில் பட்டால் குழாய் சுத்தமானதா என்று பார்க்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்று எட்டி வேலை செய்யும் பழக்கமும் வேண்டாம்.

சென்னை வீடுகளில் குழாய் எட்டு, பத்து அடிக்கு மேல் இருப்பது அபூர்வம், அதுவும் துண்டு துண்டாகச் செருகியது. அதனால் நான் சொல்வது, அங்கேயே நிறுத்தி வைத்துத் தேய்ப்பதைவிடக் கழற்றிக் கீழே வைத்துச் சுத்தம் செய்வதுதான் சுலபம், பத்திரமும்கூட. எந்தத் துண்டு எதில் சேரும் என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்பு வாயை ஈரச் சாக்கால் மூடுங்கள். கிளாம்பைத் தளர்த்துவதற்கு முன் ஒவ்வொரு துண்டின் கீழ்முனையிலும் கனமான பையைக் கட்டிவிட்டால் உள்ளே உதிர்ந்து கிடப்பது உங்கள் தலைமேல் கொட்டாது. கீழே பழைய பேப்பரை விரித்து, குழாயைச் சாய்த்து வைத்து, பிரஷை ஒரு முனையில் விட்டு மறுமுனை வழியாக முழுவதுமாக வெளியே தள்ளுங்கள், அப்புறம் திரும்ப இழுங்கள். பாதியில் நிறுத்தித் திசை மாற்றினால் கம்பிகள் எதிர்ப்பக்கம் மடங்கி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒட்டியிருக்கும் செதிலை உதிர்க்க வெளியிலிருந்து மரச்சுத்தியலால் தட்டினால் போதும், இரும்புச் சுத்தியல் குழாயை நசுக்கிவிடும்.

நிறையச் சேர்ந்திருப்பது எல்போவில்தான், அதாவது குழாய் வளையும் துண்டில். புகை திரும்பும் இடத்தில் வேகம் குறையும், அங்கேதான் தாரும் கரியும் தங்கும், அதுவும் 90 டிகிரி வளைவு என்றால் கேட்கவே வேண்டாம். அதை ராடு பிரஷால் முழுசாகத் தேய்க்க முடியாது, பழைய பாட்டில் பிரஷும் கையுமாக உட்கார்ந்து சுரண்ட வேண்டியதுதான். அடுத்த முறை குழாய் மாற்றும்போது அந்த எல்போவுக்குப் பதிலாக T வடிவத் துண்டு ஒன்று வைத்து, அதன் கீழ்வாயில் கழற்றக்கூடிய மூடி போட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம். உதிர்வதெல்லாம் அந்த மூடிக்குள் விழும், மாதம் ஒருமுறை திறந்து கொட்டலாம்.

உச்சியில் இருக்கும் மழைத்தொப்பியை மறக்காதீர்கள். அங்கேதான் புகை மிகவும் குளிர்ந்துபோகிறது, தொப்பியின் அடியில் தார் கட்டி தொங்கும். பறவை வராமல் இருக்கக் கட்டிய கம்பிவலையின் கண்கள் அடைத்திருக்கும். சில மாதம் எரிக்காமல் விட்ட குழாய் என்றால் மைனாவோ குளவியோ குடித்தனம் வைத்திருக்கலாம், பற்றவைப்பதற்கு முன் தட்டிப் பாருங்கள்.

குழாயைக் கழற்ற வழியில்லாமல் சுவருக்குள் பதித்திருந்தால் மட்டும் நின்ற நிலையில் தேய்க்க வேண்டியிருக்கும். அப்போது அடுப்பு வாயில் ஈரச் சாக்கை இறுக்கி அடைத்து, மேலிருந்து பிரஷை விட்டு, கடைசியில் சாக்கை எடுத்து விழுந்ததை அள்ளுங்கள். செம்பு பாய்லரில் இவ்வளவு கஷ்டம் இல்லை. மேல்மூடியைத் தூக்கினால் நடுக்குழாய் நேராகத் தெரியும், நார் பிரஷை விட்டு நாலு இழுப்பு இழுத்தால் முடிந்தது. ஆனால் உள்ளே தண்ணீர் இல்லாமல் பற்றவைத்துக் கரியை எரிக்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள், ஈயப்பற்று விட்டுவிடும்.

கெட்டித் தார் என்றால்

கண்ணாடிபோல் படிந்துவிட்டதைப் பிரஷ் எடுக்காது. கடப்பாறையால் குத்துவதும், வேண்டுமென்றே உள்ளே தீ வைத்து எரிப்பதும் கூடாது. வெளிநாடுகளில் இதைப் பொடிசெய்ய ரசாயனப் பொடிகள் விற்கிறார்கள், அவையும் தாரை இளக்கித்தான் கொடுக்கும், அப்புறம் தேய்ப்பது உங்கள் வேலைதான். நாலு அங்குல ஜி.ஐ. குழாய்த் துண்டு ஒன்றுக்காக இத்தனை பாடு பட வேண்டுமா? பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிவிடுங்கள், என் அபிப்பிராயம் அதுதான். செங்கல் புகைபோக்கி என்றால் உள்பூச்சு பெயர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு, விவரமான கொத்தனாரை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுப்பில் கல்லுப்பை அள்ளிப் போட்டால் கரி உதிரும் என்பார்கள். அந்த உப்பு ஆவி குழாயைத்தான் அரிக்கும், திருவான்மியூர், ராயபுரம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் ஏற்கெனவே உப்புக்காற்று தின்றுகொண்டிருக்கும் தகரத்துக்கு அது போதும். உருளைக்கிழங்குத் தோல் வைத்தியமும் வேண்டாம், ஈரத்தோல் புகையைத்தான் கூட்டும். பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் இரும்போடு சேர்ந்து எரியக்கூடிய வாயு கிளம்பும். மண்ணெண்ணெய் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்.

திரும்ப மாட்டும்போது

குழாயைக் கவிழ்த்து ஒரு திருப்புளியால் அங்கங்கே அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால், நசுங்கினால், அந்தத் துண்டு போய்விட்டது. அடுப்பை ஒட்டிய முதல் மூன்று நாலு அடிக்கு ஜி.ஐ. வைக்காமல் கறுப்பு இரும்போ எவர்சில்வரோ வையுங்கள். துத்தநாகப் பூச்சு 200 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது, அதற்கும் மேலே போனால் வரும் புகையைச் சுவாசிப்பதும் நல்லதல்ல.

செருகும்போது சுருங்கிய முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும். பலர் தலைகீழாக மாட்டுகிறார்கள், மேலே இருக்கும் குழாய் வெளியே வருகிற மாதிரி. அப்படி மாட்டினால் ஒழுகும் தார் மூட்டு வழியாக வெளியே சுவரில் இறங்கும். சரியாக மாட்டினால் உள்ளேயே வழிந்து அடுப்பில் விழுந்து எரிந்துபோகும். மூட்டுக்கு மூன்று ஸ்குரூ போடுங்கள். இடைவெளியை அடைக்கச் சாதாரண எபாக்சி பசை உதவாது, சூட்டில் கருகிவிடும். களிமண் பூசுங்கள், அல்லது சூடு தாங்கும் சிமென்ட் கேட்டு வாங்குங்கள். குழாயின் உச்சி மாடித்தளத்துக்கு மூன்றடியாவது மேலே, பத்தடிக்குள் இருக்கும் எந்தச் சுவரையும்விட இரண்டடியாவது மேலே இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கீழே நின்றால் மத்தியானக் கடற்காற்று புகையைத் திருப்பி உள்ளே அனுப்பும்.

மாட்டி முடித்ததும் பேப்பரையும் காய்ந்த ஓலையையும் வைத்து ஒரு சின்னத் தீ போட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஒவ்வொரு மூட்டுக்கும் அருகில் பிடித்துப் பாருங்கள். ஊதுபத்திப் புகை அலையாமல் நேராகப் போனாலோ, மூட்டைப் பார்த்து உள்ளே இழுபட்டாலோ சரி, மூட்டிலிருந்து புகை வெளியே வந்தால் மறுபடி பூசுங்கள்.

அள்ளிய கரியில் பாத்திரம் தேய்க்காதீர்கள், செடிக்கும் போடாதீர்கள். அடுப்புச் சாம்பல் வேறு, குழாயில் சுரண்டிய தார் வேறு. மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு நன்றாக ஆறிய பிறகு, பையில் கட்டி, மட்காத குப்பையோடு கொடுங்கள். கையில் ஒட்டிய தாருக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு.

திரும்பத் திரும்ப ஏன் படிகிறது

பிரஷ் போட்டு முடித்த மூன்றாம் மாதமே மறுபடி மூன்று மில்லிமீட்டர் என்றால் குற்றம் குழாயில் இல்லை, விறகில். வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் பாதிவரைகூடத் தண்ணீராக இருக்கும், அது 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் எரிக்கத் தகுதி. விறகு மண்டியில் எடைக்குத்தான் விற்கிறார்கள், ஈரக்கட்டை வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். சவுக்கு, வேலிக்காத்தான் எதுவானாலும் இரண்டு கட்டையை ஒன்றோடு ஒன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது டங்கென்று சத்தம் கொடுக்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். முனைகளில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். தீயில் வைத்ததும் முனையில் நுரை தள்ளினால் அந்தக் கட்டையை வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்த பிறகு தெருவெல்லாம் தூங்குமூஞ்சியும் குல்மொஹரும் விழுந்து கிடந்ததே, அப்படி இலவசமாக வந்த பச்சைக் கட்டையை அடுத்த வாரமே அடுப்பில் வைத்தால் குழாய்க்குத்தான் கேடு. பிளந்து அடுக்கி, குறைந்தது ஆறு மாதம் காயவிட வேண்டும். மழைக்காலத்தில் தார்பாலினால் முழுக்கப் போர்த்தி மூடாதீர்கள், உள்ளேயே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கீழே செங்கல் கொடுத்து, மேலே மட்டும் தகரம், பக்கமெல்லாம் திறப்பு.

அடுத்தது தீயை அணைத்து அணைத்து எரிப்பது. கேஸ் அடுப்பில் சிம்மில் வைக்கும் பழக்கத்தில், விறகு அடுப்பிலும் பெரிய கட்டையைச் செருகிவிட்டுக் காற்று வாயை மூடிவிடுகிறோம். கட்டை உள்ளே புகைந்துகொண்டே இருக்கும், குழாய் குளிர்ந்திருக்கும், தார் படிய இதைவிடத் தோதான நிலை இல்லை. தீயைக் குறைக்க வேண்டுமானால் கட்டையை வெளியே இழுங்கள், கங்கில் வேலை செய்யுங்கள். பிரியாணிக்குத் தம் போடுகிறவர்கள் எப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள், கங்கிலிருந்து புகை வருவதே இல்லை. தேங்காய் மட்டையும் இப்படிப் புகைகிற ரகம்தான், கொட்டாங்குச்சி எவ்வளவோ மேல். பற்றவைக்கப் பால் கவரையும் கேரி பேக்கையும் போடுபவர்கள் அந்தப் புகையைத்தான் குடும்பத்தோடு சுவாசிக்கிறார்கள். பிளைவுட், பெயின்ட் அடித்த சட்டம் எதுவும் வேண்டாம்.

குழாயில் தீப்பிடித்துவிட்டால்

ரயில் போவது மாதிரி இரைச்சல், குழாய் செக்கச்செவேலென்று ஆவது, உச்சியிலிருந்து பொறி பறப்பது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருந்தால் பாதுகாப்பாக இறக்க முடிந்தால் மட்டும் இறக்குங்கள். அடுப்பு வாயையும் காற்றுத் துளையையும் மூடுங்கள், எரியும் விறகின் மேல் மணலையோ சாம்பலையோ கொட்டுங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டில் குழாய் பிளக்கும், கொதிநீராவி உங்கள் மேல் அடிக்கும். எல்லாரையும் கீழே அனுப்பிவிட்டு 101-க்கோ 112-க்கோ போன் போடுங்கள். சிலிண்டர் பக்கத்தில் இருந்தால், தீ நெருங்காதபோதே அப்புறப்படுத்துங்கள். தீ தானாக அடங்கிவிட்டது போலத் தெரிந்தாலும் கூரைக்கீற்றுக்கும் கம்புக்கும் உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம், சில மணி நேரம் யாராவது பக்கத்தில் இருந்து கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஒருமுறை எரிந்த குழாயைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மூட்டுகள் வளைந்தும் தகரம் மெலிந்தும் இருக்கும். புதுக்குழாய் மாட்டிய பிறகே அடுத்த தீ.